கிராணி போட்ட நம்பரும் நாம் தேடும் நம்பரும்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் எண் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வரும் சீனருக்கு முகம் மலரும். கண்டனீஸ் புழங்கும் ஈப்போவில் அந்த எண்ணின் ஒலி செழிப்பைச் சொல்லும் சொல்லை ஒட்டி வருகிறது. 28, 88, 168 என்று அது அமர்ந்த இடமெல்லாம் மதிப்பு ஏறும். அதே வீட்டைப் பார்க்க வரும் தமிழர் கூட வந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். எட்டு சனிக்குரியது, அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர் அந்த அம்மா. வீடு 4 என்றால் முகங்கள் இடம் மாறும். கண்டனீசில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால்தான் இங்கே பல தாமான்களில் 3-க்குப் பக்கத்து வீடு 3ஏ ஆகிவிடுகிறது, 13-க்கு அடுத்தது 13ஏ. நமக்கு நான்கில் ஒரு குறையும் கிடையாது. ஊர் என்றாலே நாலு பேர்தான், கடைசியில் தூக்கிப் போவதும் நாலு பேர்தான்.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. பேராக் ரப்பர் தோட்டங்களில் பிறந்த தமிழன் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில்லை. எண் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. லயத்தில் அவன் குடியிருந்த வீட்டுக்கு ஒரு நம்பர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு ஒரு நம்பர், அவன் வெட்டும் காட்டுக்கு ஒரு நம்பர், அந்தக் காட்டில் அவனுக்கு விட்ட நிரைக்கு ஒரு நம்பர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கூப்பிடும்போது குரல் கொடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும். எட்டாம் நம்பர் வீடு வேண்டாம், ராசி சரியில்லை என்று எந்தத் துரையிடம் போய்ச் சொல்ல முடியும்?

அன்று அவர்கள் மனத்தில் பதிந்த எண்கள் வேறு. ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1920களில் இந்தியத் தொழிலாளிக்கு ஒரு கூலி நிர்ணயம் இருந்தது. ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் அது 40, 32 என்று குறைக்கப்பட்டது, பிறகு இன்னும் இறங்கியது. அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தில்தான் ஊருக்குப் பணம் அனுப்புவதும் அனுப்பாததும் இருந்தது. இன்னொன்று பாலின் எடை. காண்டாவில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து வந்து, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக்கைக் கிராணி விட்டுப் பார்த்து, இத்தனை ராத்தல் என்று எழுதும் வரை மூச்சைப் பிடித்து நிற்பார்கள். மழை பெய்தால் அந்த எண் இல்லை. மாசி பங்குனியில் இலை உதிர்ந்தால் அந்த எண் சுருங்கும். பிடித்த எண் எது என்று அவர்களைக் கேட்டிருந்தால் நேற்றைவிட ஒரு ராத்தல் கூடுதல் என்றிருப்பார்கள். உழைத்துப் பெற்ற எண் என்பதாலேயே அது இனித்தது. அதில் நான் எந்த மூடநம்பிக்கையையும் காணவில்லை.

அந்தத் தலைமுறைக்கு இன்னோர் எண்ணும் சொந்தமாக இருந்தது: பத்து வெள்ளி. 1950களில் ஆங்கிலேயர் கைவிட்ட தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்பது ஏற்பாடு. அந்தப் பத்தை ஒதுக்கி வைப்பதற்காக வீட்டில் எதைக் குறைத்தோம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். நம் சமூகம் தானே விரும்பித் தேர்ந்துகொண்ட எண்களில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

அரசாங்கம் கொடுத்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1948-இல் அவசரகாலம் வந்ததும் மலாயாவில் அடையாளக் கார்டு வந்தது. இன்று நம் பையில் இருக்கும் கார்டில் 12 இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த ஆண்டும் மாதமும் நாளும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது 08. கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். எட்டைக் கண்டால் ஒதுங்கும் அம்மாவும் சரி, எட்டைத் தேடும் பக்கத்து வீட்டுச் சீனரும் சரி, பேராக்கில் பிறந்திருந்தால் இருவர் கார்டின் நடுவிலும் பெரும்பாலும் அதே 08 தான். யாரும் அதை மாற்றிக் கேட்டதில்லை. இந்த மண்ணில் பிறந்தும் குடியுரிமைக்காகச் சிவப்புக் கார்டோடு பல்லாண்டு காத்திருந்த தோட்டத்துப் பெரியவர்களை நினைத்தால், நீலக் கார்டில் இருக்கும் அந்த 12 இலக்கத்தைவிட ராசியான எண் வேறு எதைச் சொல்வது?

பெயர்களுக்கு வந்த மாற்றத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்று பிறப்புப் பத்திரத்தில் பெயர் எழுதியவர் கிராணியோ, பதிவலுவலகத்து எழுத்தரோ. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் அவர் எப்படி எழுதினாரோ அதுதான் பெயர். ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரத்தில் அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கும். அந்த ஓர் எழுத்துப் பிசகால் பின்னாளில் பென்ஷனுக்கும் நிலத்துக்கும் அலைந்தவர்கள் உண்டு. இன்று அதே எழுத்தைப் பெற்றோர் காசு கொடுத்துக் கூட்டுகிறார்கள். எண் கணிதம் பார்ப்பவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்புத் தருகிறார்கள். 9-ஐ எந்த எழுத்துக்கும் தருவதில்லை. ராணி என்ற பெயரை எடுத்துக்கொண்டால் ஆருக்கு 2, ஏக்கு 1, என்னுக்கு 5, ஐக்கு 1, மொத்தம் 9. இன்னோர் ஏ சேர்த்தால் 10, கூட்டினால் 1. ராணி அதே ராணிதான், அவளைக் கூப்பிடும் குரலும் அதேதான். தமிழில் எழுதினால் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை. தாத்தா வைத்த பெயரைப் பிறமொழி எழுத்தில் எழுதிய பிறகுதான் அதற்கு ராசி பிறக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் குறைவு. பெயரை முதலில் தமிழில் பிழையின்றி எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு எதையும் கூட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இனி மொய்க்கு வருகிறேன். நம் வழக்கத்தில் 50 வெள்ளி தரமாட்டோம், 51 தருவோம். 100 தரமாட்டோம், 101 தருவோம். சுழியத்தில் முடிந்தால் உறவும் அங்கே முடிந்ததுபோல் ஆகும். மேலே வைக்கும் அந்த ஒன்று, இன்னும் தொடரும் என்பதற்கு வைப்பது. நெல்லும் அரிசியும் அளந்தவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிய வழக்கமும் இதே மனத்திலிருந்து வந்தது. தொடக்கம் நிறைவாக இருக்க வேண்டும், முடிவு திறந்திருக்க வேண்டும்.

சீனர் திருமணத்தில் இது நேர்மாறு. அங்கே அங்பாவ் இரட்டை எண்ணில் இருக்க வேண்டும், நாலைத் தவிர்க்க வேண்டும். ஒற்றைப்படையில் பணம் வைப்பது துக்க வீட்டில். வெள்ளை உறையில் தரும் அந்தப் பாக் கம் 51, 101 என்றுதான் இருக்கும். ஆக, நாம் மனம் நிறைந்து ஒரு சீன நண்பரின் மகள் திருமணத்தில் 101 வெள்ளி வைத்தால், அவர்கள் கணக்கில் அது இழவுக்குத் தரும் தொகை. நம் திருமணத்தில் அவர்கள் 100 வைத்தால், நம் பாட்டிக்கு ஒரு வெள்ளி குறைகிறது. இரண்டு பக்கமும் அன்புதான், இரண்டு பக்கமும் கணக்குத்தான். குனோங் ராபாட் போன்ற ஊரில், புதுக்கிராமத்துச் சீனரும் தோட்டத்தை விட்டு வந்த தமிழரும் அடுத்தடுத்துக் குடியிருந்து பழகிய பிறகு, இதைப் பலரும் கற்றுக்கொண்டார்கள். தமிழர் சீனர் வீட்டுக்கு இரட்டையில் வைக்கிறார்கள். நம் வழக்கம் தெரிந்த சீனர், 100-ஐ உறையில் போட்டுவிட்டு ஒரு வெள்ளித் தாளைத் தேடி எடுத்துச் சேர்க்கிறார். ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் இந்த ஒரு வெள்ளியைப் பற்றிப் பேசலாம். இன்று கைப்பேசியில் மொய் அனுப்பும் பிள்ளைகள் மொத்தமாக 100 என்று தட்டி அனுப்பிவிடுகிறார்கள். 101 என்று தட்டுவதற்கும் அதே நேரம்தான் ஆகும்.

சரி, மனிதருக்கு ஓர் எண் ஏன் பிடித்துப்போகிறது? அலெக்ஸ் பெல்லோஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் இதை உலகம் முழுவதும் கேட்டுத் திரட்டி 2014-இல் முடிவைச் சொன்னார். முதலிடம் 7, அடுத்து 3, அதற்கடுத்து 8. ஏழுக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: ஒன்று முதல் பத்துக்குள் ஏழை இரட்டித்தாலும் வெளியே போய்விடும், பாதியாக்கினாலும் மூன்றால் வகுத்தாலும் முழு எண் கிடைக்காது. எவரோடும் ஒட்டாமல் தனித்து நிற்பதால் அது கண்ணில் படுகிறது. நமக்கு ஏழு வேறு வழியாகவும் நெருக்கம். குறளுக்கு ஏழு சீர், 133 அதிகாரத்தைக் கூட்டினாலும் ஏழு, 1330 குறளைக் கூட்டினாலும் ஏழு. ஆனாலும் ஏழரைச் சனி என்ற சொல் ஏழின் மேல் ஒரு நிழலை வைத்திருக்கிறது. மலேசியத் தமிழருக்கு மனத்தில் அசையாத இடம் ஆறுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறுமுகம், ஆறுபடை வீடு, சஷ்டி, சரவணபவ என்ற ஆறெழுத்து. குனோங் சீரோவின் கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும் ஈப்போக்காரருக்கு ஆறு நல்லதா கெட்டதா என்று எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணோடு ஒரு நினைவு சேர்ந்தால் போதும், அது உயிர் பெற்றுவிடும். இந்த நாட்டில் 31 என்றால் ஆகஸ்டு, மெர்டேக்கா. 13 என்றால் மே 1969. வெள்ளைக்காரன் கொண்டு வந்த பதின்மூன்று பயத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் மே மாதத்துப் பதின்மூன்றைச் சொன்னால் பெரியவர்கள் பேச்சைக் குறைப்பார்கள்.

அதே 1969-இல்தான் மேக்னம் நிறுவனத்தின் நாலு நம்பர் குலுக்கல் தொடங்கியது. டோட்டோ நிறுவனம் பிறந்ததும் அந்த ஆண்டே. நாலு நம்பர் ஆட்டத்தின் வேர் 1951-இல் கெடாவில் ஒரு பள்ளி மாணவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து 00 முதல் 99 வரை நூறு சீட்டு விற்றதில் இருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு மாணவனின் சைக்கிளில் புறப்பட்டது இன்று புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. கெடாவில் 2023-இல் அந்தக் கடைகளுக்கு உரிமம் நிறுத்தப்பட்டது. பேராக்கில் திறந்திருக்கின்றன.

தோட்டத்தில் கிராணி எழுதிய எண்ணுக்குக் கட்டுப்பட்டிருந்தவன், வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்குப் பிடித்த எண்ணைத் தானே எழுதிக் கொடுத்த இடம் இந்த நம்பர் கடைதான். அதன் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான்கு கட்டம், அதில் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். பிள்ளை பிறந்த நாள், அம்மா இறந்த நாள், விட்டு வந்த லயத்து வீட்டு நம்பர், விற்றுவிட்ட முதல் மோட்டார் சைக்கிளின் நம்பர். கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், யானை வந்தால் ஓர் எண் என்று படம் போட்டுக் காட்டும் சீனர் புத்தகத்தைத் தமிழரும் புரட்டினார்கள். ஒருவர் வாழ்க்கையில் எவையெல்லாம் முக்கியம் என்று அறிய அவர் கட்டும் நம்பர்களைக் கேட்டாலே போதும். அவ்வளவு அந்தரங்கமான பட்டியல் அது.

ஆனால் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண். பரிசு பெறுவது 23. பிக் என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 வெள்ளி. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே கட்டினால் 10,000 கொடுத்து 6,400 வாங்குவார். ஒவ்வொரு வெள்ளியிலும் 36 சென் போய்விடுகிறது. குலுக்கலுக்குப் பத்து வெள்ளி, வாரம் மூன்று முறை என்று கட்டுபவர் ஆண்டுக்கு 1,560 வெள்ளி கட்டுகிறார். நீண்ட கால சராசரியில் அதில் ஏறக்குறைய 560 திரும்பி வராது. பிறந்த நாள் எண்ணோ, பாம்புக் கனவு எண்ணோ, கூட்டுத்தொகை 5 வரும் எண்ணோ, எதுவாக இருந்தாலும் பத்தாயிரத்தில் ஒன்றுதான். பிடித்த எண்ணுக்குக் குலுக்கல் இயந்திரத்திடம் எந்தச் சலுகையும் இல்லை. ஒரு காலத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய சமூகம் குலுக்கலுக்குப் பத்து வெள்ளி கட்டுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு நம்பர் கடைக்குப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நம்மவர்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும். உள்ளே இருந்தவர் ஒரு வீட்டின் பிள்ளை.

இன்றைய தலைமுறையின் ஆசை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. காரின் எண் தகடு. பேராக் வண்டிக்கு ஏ-யில் தொடக்கம். அதற்குப் பின்னால் வரும் இலக்கத்துக்குத்தான் போட்டி. முன்பு சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு எழுதிப் போட்டுக் கேட்டார்கள். 2019 முதல் கைப்பேசியிலேயே ஏலம் கேட்க வழி வந்துவிட்டது. மூன்று டபிள்யூவோடு 1 என்ற தகட்டுக்கு 2012-இல் ஜொகூர் சுல்தான் 5 இலட்சத்து 20 ஆயிரம் வெள்ளி கொடுத்தார். ஹாங்காங்கில் 18 என்ற தகடு 2008-இல் ஒரு கோடியே 65 இலட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தொடக்க விழா, எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கியது. நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கும் 88 மாடி. இவ்வளவுக்கு நடுவில் வளரும் குனோங் ராபாட் தமிழ்ப் பிள்ளை எட்டை வெறுப்பானா? வெறுப்பதில்லை. கடையில் கைப்பேசி எண் பட்டியலை நீட்டினால் முதலில் அவன் விரல் போவது 8 நிறைந்த எண்ணுக்கு. அவன் அம்மா மட்டும் பக்கத்தில் நின்று, “தம்பி, கூட்டிப் பாருப்பா, என்ன வருது?” என்று கேட்கிறார். கூட்டுத்தொகை 6 வந்தால் இருவருக்கும் நிம்மதி.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். சனிக்குப் பயந்து ஒரு வீட்டையோ நாளையோ தள்ளி வைத்த காலம் போய், பக்கத்து வீட்டுக்காரர் கொண்டாடும் எண்ணைத் தானும் கொண்டாடும் பிள்ளை பயம் குறைந்தவனாக வளர்கிறான். என் கவலை வேறு. தேடிப் பிடித்த எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் வீட்டில், தாத்தாவின் செக்ரோல் நம்பர் யாருக்கும் தெரிவதில்லை. கார் தகட்டில் 9 இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பேரனுக்கு, பாட்டி எத்தனை மரம் வெட்டினாள், எத்தனை ராத்தல் சுமந்தாள் என்று தெரிவதில்லை. நம் குடும்பங்களுக்கென்று இருந்த உண்மையான எண்கள் அவைதான். பல தோட்டங்களில் லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. இடித்த வீட்டின் நம்பர் இனி எந்தக் கதவிலும் இல்லை.

உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: செக்ரோல் நம்பர் என்ன, லயத்து வீட்டு நம்பர் என்ன, எந்தக் காடு, எத்தனை மரம், முதல் கூலி எவ்வளவு. தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.